நண்பரோடு சென்னையில் ஒரு மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த தம்பிகள், விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா மகள், பத்து ஆண்டுகளாக இங்கேயே இருந்தும் வேளச்சேரியைத் தாண்டாத அலுவலகத் தோழர் என எல்லாரும் என்னிடம் ஒரே சந்தேகத்தைத்தான் கொண்டுவருகிறார்கள்: சாயங்காலம் சிநேகிதரோடு எங்கே போவது? தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதிலையும் எழுதி வைத்துவிட்டேன். விலைகளைப் போடவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் பஜ்ஜி விலை ஏறிவிடும்.

1. வெளியே போக வேண்டும் என்று ஆசை. இடத்தை எதை வைத்து முடிவு செய்வது?

வீடு திரும்பும் வழியை வைத்து. மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் போவது யாருக்கும் எளிது. இரவு பத்தரைக்கு அம்பத்தூருக்கோ பெரும்பாக்கத்துக்கோ திரும்புவதில்தான் சிக்கல். ஒன்பதரை மணியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவருக்கு எதிரே கடல் இருந்தாலும் ஒன்றுதான், சுவர் இருந்தாலும் ஒன்றுதான்.

அடுத்து, நீங்கள் பேசப் போகிறீர்களா, எதையாவது பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடம் வேறு. இன்னொன்று, ஒரு மாலைக்கு ஓரிடம் போதும். முதலில் மெரினா, பிறகு தி.நகர், கடைசியில் பெசன்ட் நகர் என்று திட்டம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆறு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே அவர்கள் அதிகம் பார்த்தது முன்னால் நின்ற பேருந்தின் முதுகைத்தான்.

2. நான் ஒரு மூலை, அவன் ஒரு மூலை. நடுவில் எங்கே சந்திப்பது?

மெட்ரோவின் நீலத் தடம் வடக்கே விம்கோ நகரிலிருந்து தெற்கே விமான நிலையம் வரை ஓடுகிறது. பச்சைத் தடம் சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலைக்குப் போகிறது. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. ஆளுக்கொரு தடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அண்ணா சாலைப் பக்கம் வரச் சொல்லலாம். கடைசி வண்டி இரவு பதினோரு மணியளவில். உங்கள் நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கிற இடம் முக்கியம். தெருமுனையில் காத்திருக்கச் சொல்லாதீர்கள். நம் ஊரில் ஐந்து நிமிடம் என்பதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், அண்ணா சாலையில், 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை இருக்கிறது. நண்பர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாலும் எனக்குக் கோபம் வராத ஒரே இடம் அதுதான்.

3. மெரினாவா, பெசன்ட் நகர் கடற்கரையா?

மெரினாவில் மணல் அகலம். சாலையில் இறங்கி அலையைத் தொடுவதற்குள் பாதி ஊர்க்கதை பேசிவிடலாம். அந்த நீண்ட நடைபாதையை 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் போட வைத்தார். உழைப்பாளர் சிலையில் தொடங்கிக் காந்தி சிலை வரை நடந்தால் ஒருபுறம் கடற்கரை, மறுபுறம் பல்கலைக்கழகம், விவேகானந்தர் இல்லம், மாநிலக் கல்லூரி என்று பேச்சுக்கு இடையில் பார்க்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். இரண்டு சிலைகளையும் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இரண்டும் 1959-இல் வைக்கப்பட்டவை. மெரினாவின் நல்ல குணம், அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அழுதாலும் சண்டை போட்டாலும் சுண்டல்காரர் மட்டும்தான் நின்று பார்ப்பார்.

பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை சிறியது. மணலை ஒட்டியே சாலை, சாலையை ஒட்டியே கடைகள். உட்கார்ந்து பேசிவிட்டு நாலடியில் சாப்பிடப் போய்விடலாம். வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் ஒரே கரையில் இருப்பதால், இரு வீட்டாரிடமும் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வரும் இளைஞர்களும் உண்டு. பொய் இல்லைதானே.

என் தீர்ப்பு கேட்டால், சனி ஞாயிறுகளில் இரண்டுமே வேண்டாம். செவ்வாய், புதன் மாலைகளில் மெரினா. பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களும் மெரினாவுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பெசன்ட் நகருக்கு ரயில் கிடையாது. 29சி பேருந்தில் பெரம்பூரிலிருந்தே ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

4. கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. கணுக்கால் நனையும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெரினாவில் கரை திடீரென்று இறங்கும், திரும்பும் அலை காலடி மணலைப் பறித்துக்கொண்டு இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் தப்புவதில்லை. எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, எல்லாரும் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வது, அது கார்ல் ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம். 1930-இல் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் அவர் உயிர்விட்டார்.

5. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க எத்தனை மணிக்கு வர வேண்டும்?

இதை இத்தனை பேர் கேட்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. சென்னைக் கடல் கிழக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கடலிலிருந்து எழும், மாலையில் நமக்கு முதுகுப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். கோழிக்கோட்டுக்காரர்கள் இதில் ஏமாந்துபோவார்கள்.

ஆனால் இங்கே வேறொன்று உண்டு. பௌர்ணமியன்று, பின்னால் சூரியன் மறைகிற அதே நேரத்தை ஒட்டி, முன்னால் கடலுக்குள்ளிருந்து நிலா எழும். செம்பு நிறத்தில் பெரிதாக எழுந்து, மெல்ல வெளுத்துக்கொண்டே மேலே போகும். மறுநாள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தாமதமாக வரும், வானம் நன்றாக இருட்டிவிடுவதால் அது இன்னும் அழகு. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும், ஜூனில் ஆறரை தாண்டும். நாள்காட்டியைப் பார்த்துவிட்டு நண்பரை அழையுங்கள்.

6. மே மாதத்தில் வெளியே உட்கார முடியுமா?

கடற்காற்று வந்தால் முடியும். பகலில் தரை சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கடலோரப் பகுதிகளுக்கு முதலில் கிடைக்கும், போரூர், ஆவடிப் பக்கம் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். மே இறுதி, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் அனல் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று உள்ளே வரவே திணறும். அன்று கடற்கரையிலும் இலை அசையாது. பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் மாடித் துணிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பாருங்கள். மேற்கை நோக்கிப் பறந்தால் கிளம்பலாம்.

7. கையில் காசு குறைவு. கஞ்சத்தனம் தெரியாமல் ஒரு மாலையைக் கழிக்க முடியுமா?

தாராளமாக. மூன்றாம் கேள்வியில் சொன்ன மெரினா நடைக்குக் கட்டணம் கிடையாது. தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் இரண்டு பொட்டலம், நடக்க நடக்க ஒரு சுட்ட சோளம், கடைசியில் தேநீர். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. தோழிகள் இருவர் என்றால் போக்குவரத்துச் செலவே இல்லை.

கையில் காசில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. "மாசக் கடைசி, கடற்கரைக்குப் போகலாம்" என்று ஒருவர் சொல்லிக் கோபப்பட்ட நண்பரை நான் பார்த்ததில்லை. மறைத்துவிட்டு, உணவகத்தில் மெனு அட்டையின் வலது ஓரத்தை மட்டும் படித்துக்கொண்டிருப்பதுதான் அவரைச் சங்கடப்படுத்தும்.

8. அவள் சைவம், எனக்கு மீன் இல்லாமல் இறங்காது. எங்கே சாப்பிடுவது?

திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கம் வாருங்கள். ரத்னா கஃபேயில் இட்லி தெரியாத அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். கொஞ்ச தூரத்தில், சேப்பாக்கம் மைதானத்தின் பின்புறச் சந்து ஒன்றில் நாயர் மெஸ், மீன் வறுவலுக்குப் பேர்போனது. மாலைச் சிற்றுண்டியை ஆறு மணிக்கு அவளுக்காக முன்னதில் முடியுங்கள். எட்டரைக்கு உங்களுக்காகப் பின்னதில் உட்காருங்கள், அவள் சோறும் ரசமும் கூட்டும் சாப்பிடட்டும். மீன் வாசனையே ஆகாது என்றால் மட்டும் இந்த யோசனை செல்லாது. அப்போது நீங்கள்தான் ஒரு வேளை இறங்கி வர வேண்டும்.

9. இட்லி, தோசை, பிரியாணி எல்லாம் சாப்பிட்டாயிற்று. வேறு என்ன இருக்கிறது?

பாரிமுனைக்குப் போயிருக்கிறீர்களா? கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாரின் பின்னால் இருக்கும் தெருக்களில், பொழுது சாய்ந்ததும் அத்தோ வண்டிகள் வந்து நிற்கும். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அது. பர்மா பஜாரும் அவர்கள் பிழைப்புக்காக உருவான கடைவீதிதான். மஞ்சள் நிற நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான சாறு. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் வைத்து ஒரே வாயில் போடச் சொல்வார்கள். போடுங்கள். அந்த நிமிடம் பேச்சு நின்றே ஆக வேண்டும்.

நாற்காலி கிடையாது, நின்றுதான் சாப்பிட வேண்டும். நான் முதல்முறை புது வெள்ளைச் சட்டையில் போனேன், மஞ்சள் கறை இன்றும் இருக்கிறது. சைவ நண்பருக்கு அங்கிருந்து சவுக்கார்பேட்டை பக்கம். மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையில் சூடான ஜிலேபியும் ஆலு டிக்கியும், சந்துகளில் முறுக்கு சாண்ட்விச்சும் கிடைக்கும். ஞாயிறன்று ஜார்ஜ் டவுனில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், வார நாளில் போங்கள். இரு சக்கர வண்டியை மின்ட் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

10. பேசாமல் சினிமாவுக்குப் போய்விடலாமா?

பேசாமல் என்றுதான் நீங்களே சொல்கிறீர்கள். வாரம்தோறும் சந்திக்கும் நண்பர் என்றால் சரி. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவரை மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை. போயே ஆக வேண்டும் என்றால் மாலைக் காட்சிக்குப் போங்கள். படம் முடிந்து சாப்பிடும்போது திட்டுவதற்காவது விஷயம் கிடைக்கும். இரவுக் காட்சி விடும்போது மெட்ரோ இருக்காது, முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

11. மார்கழியில் எல்லாரும் கச்சேரி கச்சேரி என்கிறார்கள். எனக்கு ராகம் தெரியாது. போகலாமா?

கட்டாயம் போகலாம். தெரிந்த மாதிரித் தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக மறு ஆண்டு மியூசிக் அகாடமி உருவானது. இன்று டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் வட்டாரத்தில் சபாக்கள் எல்லாவற்றிலும் காலையிலிருந்து இரவு வரை பாட்டுதான். பெரிய பெயர்கள் பாடும் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டும். இளைஞர்கள் பாடும் பகல் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், பாரதிய வித்யா பவனில் மாலையிலும் இலவசமாகக் கேட்கலாம். புதியவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் இரண்டு பாட்டுக்கு நடுவில் எழுந்து வரலாம். பாட்டின் நடுவில் எழுந்தால் பக்கத்து மாமி பார்க்கும் பார்வையை வாழ்நாளில் மறக்க முடியாது.

கச்சேரியின் முக்கியப் பாட்டான பிரதான உருப்படிக்குப் பிறகு மிருதங்கக்காரர், பாட்டு இல்லாமல் தாளம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் கூட்டத்தில் ஒரு பகுதி கேண்டீனைப் பார்த்து நகரும். கெட்ட பழக்கம் அது. மிருதங்கமும் கடமும் ஒன்றை ஒன்று துரத்துவதை ரசிக்க ராகமே தெரிய வேண்டியதில்லை. கேண்டீன் எங்கும் ஓடிவிடாது, கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் அங்கே சாப்பிடலாம். கச்சேரிக்கே போகாமல் கீரைவடைக்காக மட்டும் சபாவுக்குப் போகும் நண்பர்கள் இருவர் எனக்கு உண்டு.

12. கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டால்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாற்று இடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். மெட்ரோவை விட்டு அதிகம் விலகாத இடமாகப் பாருங்கள். திருமங்கலம், வடபழனி நிலையங்களிலிருந்து நடக்கும் தூரத்தில் வணிக வளாகங்கள் இருக்கின்றன. வளாகம் எனக்குப் பிடித்த இடமில்லை. ஆனால் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளுவதற்கு அது மேல். கனமழை எச்சரிக்கை இருந்தால் சந்திப்பையே ஒத்திப்போடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டில் வெங்காய பஜ்ஜி போடுங்கள்.

13. நாங்கள் இரண்டு பெண்கள். எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம்?

எத்தனை மணி என்பதைவிட எந்தத் தெரு என்று பார்ப்பேன். மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒன்பது மணிக்கும் பூக்காரம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள், அது நல்ல காவல். மெரினாவில் சாலையோர நடைபாதையை விட்டு இருட்டிய பிறகு மணலுக்குள் அதிக தூரம் போக வேண்டாம். பத்து மணியளவில் காவலர்களே எல்லாரையும் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். மெட்ரோவில் பெண்களுக்கென ஒதுக்கிய பகுதி உண்டு. பறக்கும் ரயில் நிலையங்கள் சில இரவில் வெறிச்சோடிவிடும் என்பதால் எட்டரைக்கு மேல் நான் என் அக்கா மகளுக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. மகளிர் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

14. நண்பர் குடிப்பார், நான் குடிக்க மாட்டேன். என்ன செய்வது?

முதலில் சட்டம்: தமிழ்நாட்டில் இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். டாஸ்மாக் கடைகள் நண்பகலிலிருந்து இரவு பத்து மணி வரை. அவற்றை ஒட்டிய பார்களில் குடிக்காதவருக்கு ஒரு வேலையும் இல்லை, சத்தத்தில் பேச்சும் காதில் விழாது. விடுதிகளோடு இணைந்த பார்கள் அமைதியானவை. ஆனால் ஒரு கோப்பையின் விலையில் ஏழாம் கேள்விக்காரரின் முழு மாலையும் அடங்கிவிடும்.

முதல் ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு, பிறகு அவர் விருப்பத்துக்கு ஒரு மணி நேரம் உட்காருங்கள். சொல்ல வேண்டியதெல்லாம் அந்த முதல் மணியிலேயே சொல்லி முடித்துவிடுங்கள், மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அவர் கேட்டது எதுவும் மறுநாள் நினைவில் இருக்காது. வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

15. எங்கே போகலாம் என்று கேட்டால் "எங்கேயானாலும் சரி" என்கிறார். பிறகு போன இடத்தில் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்.

இவரிடம் திறந்த கேள்வி கேட்காதீர்கள். "அத்தோவா, கச்சேரியா?" என்று இரண்டைக் கொடுங்கள். அதற்கும் எதுவானாலும் என்றால், நீங்கள் முடிவு செய்து, அடுத்த முறை அவர் முறை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு முகத்தைத் தூக்கினால் பிரச்சினை இடத்தில் இல்லை. அலுவலகத்திலோ வீட்டிலோ ஏதாவது நடந்திருக்கும். சாப்பிட வைத்துவிட்டுக் கேளுங்கள்.

16. பில்லை யார் கொடுப்பது?

கூப்பிட்டவர். அடுத்த முறை மற்றவர். செயலியில் பைசா வரை பங்கு போடுவது நான்கு பேருக்கு மேல் போகும்போது நியாயம். இரண்டு பேருக்குள் அந்தக் கணக்கு கொஞ்சம் பாக்கி இருப்பதுதான் அடுத்த சந்திப்புக்குச் சாக்கு.

17. கல்லூரியோடு பிரிந்தவன், பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறான். பேசுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கடைசியில், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்கிறார்கள். அப்படிப்பட்டவரை எதிரெதிரே நாற்காலி போட்ட இடத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் இடம் வேண்டும், கண்ணுக்கு வேலையும் வேண்டும். மயிலாப்பூர்தான். நான்கு மணிக்குப் பிறகு கபாலீசுவரர் கோயில் திறந்திருக்கும். உள்ளே புன்னை மரத்தடியில் மயில் உருவில் அம்பாள் பூசை செய்யும் சன்னதி இருக்கிறது, ஊருக்குப் பெயர் வந்த கதையைச் சொன்னாலே பத்து நிமிடம் ஓடும். பிறகு குளத்தைச் சுற்றி மாட வீதிகள். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் வந்தால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள் வரிசையாக நிற்கும். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா அன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் நண்பரையே தொலைத்துவிடுவீர்கள்.

எனக்கும் இது நடந்தது. ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவன், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். முதல் அரை மணி நேரம் சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி. அதற்கு மேல் இருவருக்கும் ஓடவில்லை. கிழக்கு கோபுரத்தைத் தாண்டி வந்ததும் காளத்தி கடையில் ரோஸ்மில்க் வாங்கினோம். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவன், "மெஸ்ஸில் ரோஸ்மில்க் திருடி மாட்டிக்கொண்டது நீயா, நானா?" என்று கேட்டான். நான் அவன்தான் என்றேன். அவன் நான்தான் என்றான். கடையை மூடும் வரைக்கும் அந்த வழக்கு தீரவில்லை.